சிசி கூடினால் பெறுமதியும் கூடுமா?

வாகனம் வாங்க வருபவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது "எத்தனை சிசி?" என்பதாகும். என்ஜின் பெரிதென்றால் வாகனமும் சிறந்தது, அதை வைத்திருப்பவரின் அந்தஸ்தும் உயர்ந்தது என்ற எண்ணம் எம்மவர் மத்தியில் நன்கு வேரூன்றியுள்ளது. கடையில் ஐந்து ரூபா இலாபத்துக்காகப் பத்துத் தடவை கணக்குப் பார்க்கும் முதலாளிமார்கூட, வாகனம் என்று வரும்போது அந்தக் கணக்கைக் கல்லாப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டி விடுகின்றனர்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை அறிய, வேகத்துக்காகவே செய்யப்படும் ஒரு வாகனத்தை எடுத்துக் கொள்வோம். இருவர் மட்டும் அமரக்கூடிய, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரே அது. அங்கேயே பெரிய என்ஜின் கட்டாயமில்லை என்றால், கடைக்கும் வீட்டுக்கும் ஓடும் எமது வாகனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989 ஆம் ஆண்டு சிக்காகோ வாகனக் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என்ற காரை அறிமுகம் செய்தது. ஒரு காலத்தில் இவ்வகைக் கார்களுக்குப் பேர்போன பிரித்தானியக் கம்பனிகள் அப்போது அந்தச் சந்தையை ஏறக்குறையக் கைவிட்டிருந்தன. எம்ஜி நிறுவனத்தின் புகழ்பெற்ற எம்ஜிபி காரின் உற்பத்தி 1980 இல் நின்று போனது. அந்த வெற்றிடத்தைச் சரியாகக் கண்டு கொண்ட மஸ்டா, 1,597 சிசி என்ஜினுடன் வெறும் 940 கிலோ எடையில் தனது காரைச் சந்தைக்கு விட்டது. 2016 ஏப்ரலில் இந்தக் காரின் மொத்த உற்பத்தி ஒரு மில்லியனை எட்டியது.

இடையில் நடந்தது எல்லா வியாபாரத்திலும் நடப்பதுதான். வாடிக்கையாளர் கூடுதல் வலு கேட்டனர். 1993 இல் என்ஜின் 1.8 லீற்றரானது. 2005 இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 2 லீற்றரை எட்டியது. காரின் எடையும் கூடவே ஏறிக் கொண்டு சென்றது. ஆனால் 2015 இல் நான்காம் தலைமுறை வந்தபோது கம்பனி வந்த வழியே திரும்பியது. ஜப்பானில் துணிக்கூரைக் காருக்கு 1,496 சிசி என்ஜினே பொருத்தப்பட்டது. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னர் முதற் காரில் இருந்ததைவிடவும் இது சிறியது. ஆயினும் வலு 120 குதிரை வலுவிலிருந்து 131 ஆக உயர்ந்திருந்தது. அடிப்படை ரகத்தின் எடை 990 கிலோவாகக் குறைந்தது. அமெரிக்காவுக்கோ 1,998 சிசி என்ஜின் மட்டுமே அனுப்பப்பட்டது. நீண்ட நெடுஞ்சாலைகளும் பெரிய என்ஜினுக்குப் பழகிப்போன வாடிக்கையாளரும் உள்ள நாடு அது. ஐரோப்பாவில் இரண்டும் விற்பனைக்கு வந்தன. கார் ஒன்று, சந்தை மூன்று. "பெரியதே சிறந்தது" என்று கம்பனி எங்கும் முடிவு செய்யவில்லை. எந்தப் பாதையில் யார் ஓட்டப் போகிறார் என்பதைப் பார்த்தே முடிவு செய்தது.

இனி வாங்குபவரின் பக்கக் கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பாவில் விற்ற சிறிய என்ஜின் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தை எட்ட 8.3 செக்கன்கள் எடுத்தது. பெரிய என்ஜினுக்கு 7.3 செக்கன்கள் போதுமாயிருந்தன. வித்தியாசம் ஒரு செக்கன். அந்த ஒரு செக்கனுக்காகக் கூட்டிக் கொடுக்கும் விலை வாங்கும் நாளோடு முடிவதில்லை. சிறிய என்ஜின் காருக்கு 16 அங்குல ரிம், பெரியதற்கு 17 அங்குல ரிம். எனவே டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செலவு கூடும். ஜப்பானில் என்ஜின் அளவைக் கொண்டே வருடாந்த வாகன வரி அறவிடப்படுகிறது. 2019 ஒக்டோபருக்குப் பின்னர் பதிவான கார்களில் 1.5 லீற்றர் வரையானதற்கு 30,500 யென்னும், அதற்கு மேல் 2 லீற்றர் வரையானதற்கு 36,000 யென்னும் செலுத்த வேண்டும். 1,496, 1,998 என்ற எண்கள் வரிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பதன் அர்த்தம் வியாபாரிகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அதற்காகப் பெரிய என்ஜின் வீண் என்று சொல்லிவிட முடியாது. அதன் இழுவிசை 200 நியூட்டன் மீற்றர். சிறியதன் இழுவிசை 150. ஏற்றத்திலும் முந்திச் செல்லும்போதும் கியரை அடிக்கடி மாற்றாமலே பெரிய என்ஜின் இழுத்துச் செல்லும். சிறிய என்ஜினோ நிமிடத்துக்கு 7,000 சுற்றில்தான் தனது முழு வலுவையும் தரும். அதனை விரட்டி ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுவதில் இன்பம் காண்பவருக்கு அது வரம். சோம்பலாக ஓட்ட விரும்புபவருக்குச் சுமை.

பெரிதாக்குவது சரியாக அமைந்த உதாரணமும் உண்டு. 2012 இல் வந்த டொயோட்டா 86 காரில் 2 லீற்றர் என்ஜின் இருந்தது. அதன் உச்ச இழுவிசை 6,400 சுற்றைத் தாண்டிய பின்னரே கிடைத்தது. நடுத்தரச் சுற்றில் இழுவை போதாது என்ற குறை தொடர்ந்து சொல்லப்பட்டது. 2021 இல் வந்த அடுத்த தலைமுறையில் என்ஜின் 2.4 லீற்றராக்கப்பட்டது. உச்ச இழுவிசை 3,700 சுற்றிலேயே கிடைத்தது. இங்கே அளவைக் கூட்டியது அந்தஸ்துக்காக அல்ல, வாடிக்கையாளர் சுட்டிக்காட்டிய ஒரு குறையைத் தீர்ப்பதற்காகும். கூட்டுவதற்கு இப்படியொரு காரணம் இருக்குமானால் தாராளமாகக் கூட்டலாம்.

சிசி என்ற எண் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது என்பதும் குறிப்பிடத்தக்கது. மஸ்டாவின் அதே 1,998 சிசி என்ஜின் 2018 இல் திருத்தப்பட்டபோது, 160 ஆக இருந்த அதன் குதிரை வலு 184 ஆக உயர்ந்தது. சிசியில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. ஆகவே பாவித்த வாகனம் வாங்குபவர் சிசியைக் கேட்பதோடு நின்றுவிடாது, எந்த வருட என்ஜின் என்பதையும் அவசியம் கேட்க வேண்டும். விற்பவர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார், வேறுபாட்டைக் கேட்டறிய வேண்டியவர் வாங்குபவரே.

எமது நாட்டுக்கு வருவோம். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி இங்கும் என்ஜின் அளவைக் கொண்டே படிப்படியாக ஏறுகிறது. தெற்கு அதிவேகப் பாதையிலேயே உச்ச வேகம் மணிக்கு 100 கிலோ மீற்றர்தான். புறக்கோட்டை நெரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2022 இல் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வழங்கப்பட்டது. சிறிய என்ஜினுக்கும் அதே 20, பெரிய என்ஜினுக்கும் அதே 20. வரிசையில் நின்ற பலருக்கு அந்த வாரங்களில்தான் என்ஜின் அளவின் உண்மையான விலை தெரிய வந்தது.

வாகனத்துக்கு மட்டுமல்ல, ஜெனரேட்டருக்கும் குளிர் அறைக்கும் டெலிவரி லொறிக்கும் இதே கணக்குத்தான். வருடத்தில் இரண்டு நாள் தேவைப்படும் கொள்ளளவுக்காக 363 நாட்கள் லீசிங் கட்டுவது வியாபாரமாகாது. பாவனைக்கு வராத குதிரை வலு, விற்பனையாகாமல் தட்டில் கிடக்கும் சரக்குக்குச் சமம். இரண்டிலும் முடங்கிக் கிடப்பது எமது முதல்தான்.

எனவே வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்வோம். நாள்தோறும் ஓடும் பாதை எது? வழமையாக ஏறும் சுமை எவ்வளவு? கூட்டிக் கொடுக்கும் பணம் எந்தக் குறையைத் தீர்க்கிறது? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் பெரியதை வாங்குங்கள். "பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்" என்பது மட்டுமே பதிலாக இருக்குமானால் சிறியதே போதும். மிஞ்சும் பணத்தைக் கடையில் சரக்காகப் போடுங்கள். அது உங்களுக்காக நாள்தோறும் உழைக்கும்.