கண்ணை மூடு! மூக்கைக் கேள்!

நாலு தேக்கரண்டி விஸ்கி. விலை 9,999 சுவிஸ் பிராங்க்!

2017-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் நடந்த சம்பவம் இது.

மலை மேல் ஒரு பெரிய ஓட்டல். அங்கே ஒரு சீனர் வந்து தங்கினார். கதைகள் எழுதிப் பெரும் பணம் சம்பாதித்தவர் அவர். ஓட்டலில் பழைய ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டில் ஒன்று இருந்தது. அதன் லேபிளில் 1878 என்ற ஆண்டு அச்சாகி இருந்தது. யாரும் திறக்காத பாட்டில்.

அதில் ஒரு சிறு கிளாஸ் வேண்டும் என்று சீனர் கேட்டார். பாட்டிலைத் திறந்தார்கள். அளந்து ஊற்றினார்கள். அவர் பணத்தைக் கொடுத்தார். குடித்தார்.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. பாட்டிலின் படமும் வந்தது. படத்தைப் பார்த்த நிபுணர்கள் சிலருக்குச் சந்தேகம் தட்டியது. தக்கை சரியாக இல்லை. லேபிளும் சரியாக இல்லை!

மிச்சம் இருந்த விஸ்கியில் கொஞ்சம் சோதனைக்குப் போயிற்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக விஞ்ஞானிகள் அதன் வயதைச் சோதித்தார்கள். முடிவு என்ன? அந்தச் சரக்கு பெரும்பாலும் 1970-க்கும் 1972-க்கும் இடையே வடித்தது!

ஓட்டல்காரரும் அதை அசல் என்றே நம்பி இருந்தார். அவர் சீனாவுக்கே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது அவருடைய நேர்மை.

ஆனால் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. போலி என்று சந்தேகம் வந்தது எதனால்? ருசியால் அல்ல, படத்தால்! அப்படியானால் 9,999 பிராங்க் எதற்குக் கொடுத்த விலை? பாட்டிலின் உள்ளே இருந்த சரக்குக்கு அல்ல. வெளியே இருந்த நாலு எண்களுக்கு!

விஸ்கிக்கு மார்க் போட வேண்டுமானால் முதலில் லேபிளை மறைக்க வேண்டும். மறைக்காமல் சொல்லும் தீர்ப்பு, தீர்ப்பே அல்ல.

குடிகாரருக்கு இடம் இல்லை

விஸ்கியின் தரம் பார்ப்பது ஒரு தொழில். ஸ்காட்லாந்தில் பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். எந்தப் பீப்பாய் பக்குவம் அடைந்தது, எதனுடன் எதைக் கலக்கலாம் என்று சொல்வது இவர்கள் வேலை.

இவர்கள் பெரிய குடிகாரர்களாக இருப்பார்கள் என்று பலர் நினைக்கக் கூடும். அது தவறு!

இவர்கள் வேலை செய்வது வாயால் அல்ல, மூக்கால். சாதாரணமாக விஸ்கியில் 40 சதவீதமாவது ஆல்கஹால் இருக்கும். இவர்கள் அதில் தண்ணீர் சேர்த்து, சுமார் 20 சதவீதமாகக் குறைத்து மோந்து பார்ப்பார்கள். காரம் அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப் போகும். தண்ணீர் பட்டதும் உள்ளே அடங்கிக் கிடக்கும் வாசனைகள் வெளியே வரும்.

வாயில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் துப்பி விடுவார்கள். விழுங்கினால் பத்தாவது கிளாசுக்குப் புத்தி இருக்காது.

கிண்ணமும் தனி. அடி அகன்று, வாய் குறுகி, பூ மொக்கைப் போல இருக்கும். வாசனை சிதறாமல் மூக்குக்கு வருவதற்காக இந்த ஏற்பாடு.

மூக்குக்கு ஏன் இத்தனை மரியாதை? நாக்குக்குத் தெரிந்த சுவைகளை விரல் விட்டு எண்ணி விடலாம். மூக்குக்குத் தெரிந்த வாசனைகளுக்குக் கணக்கே இல்லை. ஜலதோஷம் பிடித்தவருக்கு நல்ல மிளகு ரசமும் வெறும் புளித் தண்ணீர்தானே!

பெயர் ஒன்று, ரகம் பல

விஸ்கி என்பது ஒரே சரக்கு அல்ல.

வாற்கோதுமையை ஊற வைத்து, முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கி, புளிக்க வைத்து, செப்புக் கொப்பரையில் வடிப்பது ஸ்காட்லாந்தின் பழைய முறை. வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். இது அங்கே சட்டம். முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில் செய்தது 'சிங்கிள் மால்ட்'. மற்றத் தானியச் சாராயத்தையும் சேர்த்துக் கலந்தது கலவை விஸ்கி. ஸ்காட்லாந்து விற்பதில் பெரும் பகுதி இந்தக் கலவைதான்.

அதே ஸ்காட்லாந்தில் ஐலா என்று ஒரு தீவு. அங்கே சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செடி கொடிகள் மக்கிக் கிடக்கின்றன. அதை வெட்டி உலர்த்தினால் வறட்டி போல எரியும். அந்தப் புகையில் முளை தானியத்தை உலர்த்துவார்கள். புகை விஸ்கியில் ஏறி விடும். மோந்து பார்த்தால் விறகு அடுப்பும், ஆஸ்பத்திரி டிங்சரும் ஞாபகத்துக்கு வரும்.

ஸ்பே ஆற்றுப் பக்கத்து விஸ்கி பலவற்றில் ஆப்பிளும் தேனும் மணக்கும். ஷெர்ரி மது இருந்த பீப்பாயில் ஊறியது என்றால் உலர்ந்த திராட்சை மணக்கும்.

அயர்லாந்தில் பெரும்பாலும் மூன்று முறை வடிப்பார்கள். அதனால் மென்மை அதிகம்.

அமெரிக்காவின் 'போர்பன்' வேறு. அதில் குறைந்தது 51 சதவீதம் மக்காச் சோளம் இருக்க வேண்டும். உள்ளே நெருப்பில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஐஸ் கிரீமில் வருமே, அந்த வெனிலா வாசனை அதில் தூக்கலாக இருக்கும்.

இவற்றில் எது உயர்ந்தது? இந்தக் கேள்வியே தவறு. மல்லிகை உயர்ந்ததா, தாழம்பூ உயர்ந்ததா? ஐலா விஸ்கியில் புகை அடிக்கிறது என்று மார்க் குறைப்பவர், மிளகாய் காரமாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர். ஒவ்வொன்றையும் அதன் ரகத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நாலு பொய்ச் சாட்சிகள்

தீர்ப்பைக் கெடுக்க நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

முதல் சாட்சி, விலை. 2008-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். திராட்சை மதுவை வைத்து நடத்திய சோதனை அது. ஒரே மதுவை இரண்டு முறை கொடுத்தார்கள். ஒரு முறை விலை 10 டாலர் என்றார்கள். இன்னொரு முறை 90 டாலர் என்றார்கள். 90 டாலர் என்று சொன்னபோது, "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தது! மூளையைப் படம் பிடித்தும் பார்த்தார்கள். விலை அதிகம் என்று கேட்டதும் மூளையில் இன்பம் உணரும் பகுதி அதிகமாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை அவர்களுடைய நாக்கையே ஏமாற்றி விட்டது!

இரண்டாவது சாட்சி, நிறம். கறுப்பாக இருந்தால் பழைய சரக்கு என்று ஒரு நம்பிக்கை. பீப்பாய் மரத்திலிருந்து நிறம் இறங்குவது உண்மைதான். ஆனால் கருக்கிய சர்க்கரையைச் சேர்த்து நிறம் ஏற்றவும் ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது. பிறகு நிறத்தை எப்படி நம்புவது?

மூன்றாவது சாட்சி, வயது. 12 வருஷம் என்று போட்டிருந்தால், உள்ளே கலந்த சரக்குகளில் மிகவும் இளையதற்கு 12 வயது என்று பொருள். அது நல்ல விவரந்தான். ஆனால் வயது கூடினால் ருசி கூடும் என்பது நிச்சயம் அல்ல. அளவுக்கு மீறி ஊறினால் மரத்தின் கசப்பு ஏறி விடும். ஊரும் முக்கியம். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். இதை அந்த ஊரார் 'தேவதைகளின் பங்கு' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பெங்களூர் வெயிலில் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். 10 சதவீதத்துக்கு மேல் போய் விடும்! சரக்கும் சீக்கிரம் பக்குவம் அடைந்து விடும். குளிர் நாட்டு வருஷமும் வெயில் நாட்டு வருஷமும் ஒன்று ஆகுமா?

நாலாவது சாட்சி, நாடு. எல்லாரிலும் பெரிய பொய்யர் இவர்தான். அதற்கு ஒரு ஜப்பானியரின் கதையே போதும்.

காதலும் கொப்பரையும்

1918-ம் ஆண்டில் மசாடகா டகேட்சுரு என்ற ஜப்பானிய வாலிபர் கப்பல் ஏறி ஸ்காட்லாந்துக்குப் போனார். அவருடைய குடும்பம் அரிசி மது காய்ச்சும் குடும்பம். அவருக்கோ விஸ்கி ரகசியம் தெரிய வேண்டும் என்று ஆசை.

கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் ரசாயனம் படித்தார். வடிசாலைகளில் வேலை பழகினார். பார்த்ததை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டார்.

அங்கே ரீட்டா கோவான் என்ற பெண்ணைக் காதலித்தார். இரு வீட்டாருக்கும் சம்மதம் இல்லை. இருந்தும் 1920-ம் ஆண்டு ஜனவரியில் கலியாணம் நடந்தது. அந்த ஆண்டே தம்பதிகள் ஜப்பானுக்குப் போனார்கள்.

ஷின்ஜிரோ டோரி என்ற வியாபாரி அவரை வேலைக்கு வைத்துக் கொண்டார். 1923-ம் ஆண்டில் யமசாகியில் வடிசாலை கட்டத் தொடங்கினார்கள். 1929-ம் ஆண்டில் முதல் விஸ்கி கடைக்கு வந்தது. ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரே புகை நாற்றம் என்றார்கள்!

டகேட்சுரு மனம் தளரவில்லை. 1934-ம் ஆண்டில் விலகி, வடக்கே குளிர் மிகுந்த ஹொக்கைடோ தீவில் யோய்ச்சி என்ற ஊரில் சொந்த வடிசாலை ஆரம்பித்தார். விஸ்கி ஊறி வர வருஷங்கள் ஆகுமே! அதுவரை ஆப்பிள் சாறு விற்றுக் காலம் தள்ளினார். 1940-ம் ஆண்டில்தான் விஸ்கி வெளியே வந்தது. பிறகு யுத்தம் வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த பாவத்துக்காக ரீட்டாவை உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். கணவரை விட்டு அவர் போகவில்லை. 1961-ம் ஆண்டில் ஜப்பான் மண்ணிலேயே காலமானார். டகேட்சுரு 1979-ம் ஆண்டில் காலமானார்.

அத்தனை காலமும் மேல் நாட்டார் ஜப்பான் விஸ்கியைப் பெரிதாக மதிக்கவில்லை. காப்பி அடித்த சரக்கு என்ற எண்ணம்.

2001-ம் ஆண்டில் விஸ்கிக்கான ஓர் ஆங்கிலப் பத்திரிகை ஒரு போட்டி நடத்தியது. பெயரை மறைத்து ருசி பார்க்கும் போட்டி. பல நாட்டு விஸ்கிகள் வந்தன. முதல் இடம் எதற்கு? யோய்ச்சியில் வடித்த 10 வருஷ விஸ்கிக்கு! டகேட்சுருவின் வடிசாலைச் சரக்குக்கு!

லேபிள் தெரிந்திருந்தால் அந்த மார்க் விழுந்திருக்குமா?

பெங்களூர்ப் பீப்பாய்

இந்தியாவுக்கும் இதில் கதை உண்டு. பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004-ம் ஆண்டில் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கிளாஸ்கோ நகரத்திலேயே போய் வெளியிட்டது. திருநெல்வேலிக்கே அல்வா! ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர் விஸ்கிகளுக்கு மார்க் போட்டு ஆண்டுதோறும் புத்தகம் எழுதியவர். 2010-ம் ஆண்டுப் புத்தகத்தில் அம்ருத்தின் 'பியூஷன்' விஸ்கிக்கு 97 மார்க் போட்டார். உலகில் மூன்றாவது என்றார். இது ஒரு மனிதர் மூக்கு சொன்ன தீர்ப்புதான். பெயரை மறைத்துப் பல மூக்குகள் சொல்லும் தீர்ப்பு இதைவிட மேல். ஆனாலும் இந்தியச் சரக்கு என்று ஒதுக்கியவர்களை அந்த 97 யோசிக்க வைத்தது.

அதே சமயம் இந்தியாவைப் பற்றி ஒரு கசப்பான உண்மையும் சொல்ல வேண்டும். இங்கே விஸ்கி என்று விற்பதில் பெரும் பகுதி தானியத்தில் மட்டும் வடித்தது அல்ல. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயம் சேர்ந்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது.

"அப்படியானால் லேபிள் அவசியம் என்று ஆகிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளே இருப்பது என்ன என்று லேபிள் உண்மை சொல்ல வேண்டும். சொல்லாதவரைச் சட்டம் தண்டிக்க வேண்டும். பல தலைமுறை உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயருக்கும் மரியாதை உண்டு. ஆனால் லேபிள் வாங்குகிறவருக்கு உரியது. மார்க் போடுகிறவருக்கு உரியது அல்ல. பரீட்சைப் பேப்பரில் பெயருக்குப் பதில் நம்பர் போடுகிறோம். எதற்காக? பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று வாத்தியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக!

வீட்டுக்கு ஒரு வார்த்தை

குடிக்கிறவர்களில் பலர் தங்களை ருசி அறிந்தவர்கள் என்று சொல்லிக் கொள்வதுண்டு. அது ஒரு சமாதானம். ருசி அறிந்தவர் துப்புகிறார். இவர் விழுங்குகிறார். இரண்டாவது கிளாசில் மூக்கு போயிற்று. மூன்றாவது கிளாசில் நாக்கு போயிற்று. நாலாவது கிளாசுக்குக் கொடுக்கும் பணம் எந்த ருசிக்கு? வீட்டில் அரிசிக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் வைத்த பணம் அது. இவ்வளவு குடித்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லத் தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் ஆண்டில் சொல்லி விட்டது.

ருசி பார்க்கும் திறமை வேண்டுமா? அதற்கு விஸ்கி தேவை இல்லை. இரண்டு கடைக் காப்பிப் பொடி வாங்குங்கள். ஒன்று விலை கூடியது. மற்றது குறைந்தது. ஒரே மாதிரி டம்ளர்களில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் வீட்டில் எல்லாருக்கும் கொடுங்கள். பாட்டி ஒன்றைச் சொல்வாள். பேரன் ஒன்றைச் சொல்வான். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு பொட்டலத்தைக் காட்டுங்கள்.

இத்தனை நாள் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பது அப்போது தெரிந்து விடும்!