தேர்வு செய்யச் சொல்லாதீர்கள், சேர்த்துக் கொடுங்கள்

மாண்புமிகு மத்திய பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



1971 டிசம்பர் போரில் இருபது வயதுச் சிப்பாயாக எல்லையில் நின்றவருக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது. அந்தப் போரில் பங்கெடுத்து இன்றும் நம்மோடு இருப்பவர்கள் அனேகமாக எல்லாருமே முதியவர்கள். அவர்களின் மருத்துவத்துக்காக நம் அரசிடம் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 2003 ஏப்ரல் 1 முதல் நடந்துவரும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். எங்கள் வீடுகளில் அதை இ.சி.எச்.எஸ். என்றுதான் சொல்வோம். மற்றது, எழுபது வயது நிறைந்த எல்லாருக்கும் வருமானம் பாராமல் 2024 அக்டோபர் 29 அன்று விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு. அதற்குத் தரும் அட்டையின் பெயர் ஆயுஷ்மான் வய வந்தனா. முதல் திட்டம் உங்கள் அமைச்சகத்தின் பொறுப்பு. இரண்டாவது, சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு.

இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றைத்தான் முன்னாள் படைவீரர் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. 2024 செப்டம்பர் 11 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதே இது சொல்லப்பட்டது. தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவரும் அதை விடாமலேயே புதிய காப்பீட்டையும் பெறலாம் என்று சொன்னதும் அதே அறிவிப்புதான். சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்தவருக்கு இரண்டும் உண்டு. சீருடையில் உழைத்து இ.சி.எச்.எஸ். பெற்றவருக்கு ஒன்றுதான் உண்டு. இந்த விதியை மாற்றுங்கள், இரண்டையும் ஒன்றுக்கொன்று துணையாக இணைத்துக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மகள். அப்பாவுடன் இ.சி.எச்.எஸ். சிகிச்சை மையமான பாலிகிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதும் பார்த்ததும்தான் என்னை எழுத வைக்கின்றன. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இ.சி.எச்.எஸ். எங்கள் குடும்பங்களுக்குப் பெரிய பலம். செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. மருத்துவமனையில் படுத்தால் மட்டும் என்றில்லாமல் மாதாமாதம் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சாதாரணக் காய்ச்சலுக்கான ஆலோசனை வரை அதில் அடக்கம். மனைவிக்கு உண்டு, சார்ந்திருக்கும் பெற்றோருக்கு உண்டு. இன்று சேருபவர்கள் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்கள் 67,000 ரூபாய், அதிகாரிகள் 1,20,000 ரூபாய் என்று ஒரே தவணையில் கட்டுகிறார்கள். அப்பாவைப் போல 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தத் தொகை விலக்கு. அவர்களும் மாதாந்திர மருத்துவப் படியை விட்டுக்கொடுத்துத்தான் சேர்ந்தார்கள். ஆகவே இது இலவசமாக வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

குறை இருப்பது தூரத்தில். நாடு முழுவதுக்கும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். பயனாளிகளோ 50 லட்சத்துக்கும் அதிகம். ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் பெரும்பாலும் சிற்றூர்கள். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். அப்படிப் பெயர் வாங்காத பேட்டைகளும் பட்டிகளும் தமிழ்நாட்டில் ஏராளம். பென்ஷன் வாங்கியவர்கள் ஊருக்குத்தான் திரும்பினார்கள். இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள பெரிய மருத்துவமனைகள் நகரத்தில் இருக்கின்றன.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் டோக்கன் கிடைக்கும். மருந்துச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தை ஸ்பெஷலிஸ்ட் பார்க்கவேண்டும் என்று ரெஃபரல் எழுதுவார்.  மருந்துக் கவுன்ட்டரில் சில மாத்திரைகள் கிடைக்கும். ஒன்றிரண்டுக்கு ‘இல்லை’ என்று குறித்துத் தருவார்கள். கைத்தடி ஊன்றி வந்த ஒருவர் அந்தக் குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி, பக்கத்திலிருந்தவரிடம் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கோபப்படவில்லை. அந்தத் தலைமுறைக்குக் குறை சொல்லிப் பழக்கமில்லை. அதனாலேயே அவர்கள் குறை உங்கள் மேசைக்கு வருவதில்லை.

நெஞ்சுவலி ரெஃபரலுக்குக் காத்திருக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கும் போகலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் முழுப் பணத்தையும் முதலில் குடும்பம் கட்டவேண்டும். பிறகு பில்களைக் கொடுத்துக் காத்திருக்கவேண்டும். திரும்பி வருவதோ அரசு நிர்ணயித்த கட்டணம் மட்டுமே. மேலே கட்டியது போனதுதான். நள்ளிரவில் சில லட்சம் ரூபாயைப் புரட்ட எத்தனை ஹவில்தார் வீடுகளால் முடியும்?

அதே ஊருக்குப் பக்கத்தில் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள மருத்துவமனை இருக்க வாய்ப்பு அதிகம். நாடெங்கும் 30,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அதில் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளும் அடக்கம். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 2018 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தே நடக்கிறது. அங்கே அட்டையைக் காட்டினால் முன்பணம் இல்லாமல் படுக்கை கிடைக்கும். அப்படியானால் இ.சி.எச்.எஸ்.ஸை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செலவு ஏற்கும்; தினசரி மாத்திரைக்கு உதவாது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பும் உண்டு. கணவருக்கு 74, மனைவிக்கு 66 என்றால் மனைவிக்கு அந்த அட்டை கிடையாது.

இப்போது விதி எவ்வளவு கொடுமையானது என்று பாருங்கள். மாதாந்திர மருந்து வேண்டுமா, பக்கத்து மருத்துவமனை வேண்டுமா என்று எண்பது வயதுக்காரரிடம் கேட்கிறது. இரண்டும் ஒரே உடம்புக்குத் தேவை.

மற்ற நாடுகள் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்திருக்கின்றன. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர், 1965-ல் சட்டமானது. அங்கே ராணுவத்தில் முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்காக 2001 அக்டோபர் 1 முதல் ‘டிரைகேர் ஃபார் லைஃப்’ என்ற ஏற்பாடு நடக்கிறது. பணம் கொடுப்பதில் மெடிகேர் முதலில் வரும். மீதியை ராணுவத் திட்டம் ஏற்கும். மெடிகேரின் ஒரு பகுதிக்கு அவர் மாதச் சந்தா கட்டவேண்டும் என்பது உண்மை. ஆனால் எதை விடுவது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. யார் முதலில், யார் பிறகு என்ற கணக்கை இரண்டு துறைகளும் தமக்குள் பார்த்துக்கொள்கின்றன.

அதே நாட்டில் எச்சரிக்கையும் இருக்கிறது. படைவீரர் நலத்துறை தனியாக நடத்தும் மருத்துவமனைகளுக்கும் மெடிகேருக்கும் இடையே அப்படி ஒருங்கிணைப்பு இல்லை. ஒருவர் இரண்டிலும் இருக்கலாம். ஆனால் ஒன்றின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. மெடிகேர் வழியாகத் தனியார் நிறுவனங்களிடம் காப்பீடு பெற்றவர்களுக்காக அரசு அந்த நிறுவனங்களுக்குச் சந்தா கட்டுகிறது. அதே ஆட்கள் படைவீரர் மருத்துவமனைக்குப் போகும்போது அங்கேயும் அரசே செலவழிக்கிறது. 2004 முதல் 2009 வரை இப்படி இரண்டாம் முறை செலவான தொகை 1,300 கோடி டாலர் என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பணம் மட்டும் பிரச்சினை இல்லை. இரண்டு இடத்து டாக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வகை மருந்தை எழுதினால் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

ஆகவே நான் கேட்பது இரண்டு அட்டைகளையும் அப்படியே கையில் திணிக்கும் ஏற்பாடு அல்ல. கவனமாகக் கோத்த இணைப்பு. அதற்கு நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, இ.சி.எச்.எஸ். அடித்தளமாக அப்படியே இருக்கவேண்டும். உச்சவரம்பின்மை, வெளிநோயாளி சிகிச்சை, குடும்பத்தாருக்கான பாதுகாப்பு ஆகிய மூன்றும் குறையாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள். ‘இணைப்பு’ என்றதும் முன்னாள் படைவீரர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். இன்று இணைப்பார்கள், நாளை 5 லட்சத்தோடு நிறுத்திக்கொள் என்பார்கள் என்று அப்பாவின் நண்பர்களே சொல்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்காமல் இந்தக் காரியத்தைத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது, எழுபது வயது கடந்த இ.சி.எச்.எஸ். பயனாளி அவசரத்தில் எந்த ஆயுஷ்மான் மருத்துவமனைக்குப் போனாலும் முன்பணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளப்படவேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு ஏற்கட்டும். மேலே போனால் இ.சி.எச்.எஸ். ஏற்கட்டும். பில் இரண்டு அமைச்சகங்களுக்கு இடையே தீரட்டும். நோயாளியின் மகனோ மகளோ அதைத் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது.

மூன்றாவது, பதிவேடு ஒன்றாக வேண்டும். ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார எண்ணை அரசு ஏற்கெனவே மக்களுக்குத் தந்துகொண்டிருக்கிறது. அதை இ.சி.எச்.எஸ். அட்டையோடு சேர்த்து, நோயாளியின் சம்மதத்தோடு இரண்டு பக்கத்து டாக்டர்களும் ஒரே மருந்துப் பட்டியலைப் பார்க்கச் செய்யுங்கள். ஒரே சிகிச்சைக்கு இரண்டு பில் வராமல் தடுப்பதும் இதே எண்தான். காப்பீட்டு நிறுவனம் வழியாகத் திட்டம் நடக்கும் மாநிலங்களில் படைவீரர்களுக்கான பிரீமியத்தை முன்கூட்டியே கட்டாமல், நடந்த சிகிச்சைக்கு மட்டும் பணம் கொடுக்கும் முறையை வையுங்கள். அமெரிக்கா செய்த தவறு இங்கே வேண்டாம்.

நான்காவது, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள். அதிகாரிகளில் குறுகிய காலப் பணி முடித்தவர்களுக்கு 2019-ல் இ.சி.எச்.எஸ். கதவு திறந்தது. பென்ஷனுக்குத் தேவையான பதினைந்து ஆண்டுகளை முடிக்காமல் வெளியேறிய சாதாரணச் சிப்பாய்க்கு அது திறக்கவில்லை. எழுபது வயதில் அவருக்கும் வய வந்தனா அட்டை கிடைக்கிறது, மாத்திரைக்கு வழியில்லை. பாலிகிளினிக்கில் அவருக்கும் ஆலோசனையும் மருந்தும் கொடுங்கள். இணைப்பு என்றால் இரு பக்கமும் கொடுக்கவேண்டும் அல்லவா?

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிதித் துறை கேட்கும். எழுபது வயதான ஒவ்வொரு குடிமகனுக்கும் காப்பீடு தருவதாக அரசு ஏற்கெனவே அறிவித்துவிட்டது. ஆறு கோடி முதியவர்கள் பயன்பெறுவார்கள் என்று கணக்கிட்ட அரசு, அதில் முன்னாள் படைவீரரை மட்டும் ஒன்றை விட்டால்தான் மற்றது என்று நிறுத்துவது சிக்கனம் ஆகாது. இன்று இ.சி.எச்.எஸ். தனியாகச் சுமக்கும் மருத்துவமனைச் செலவில் ஒரு பகுதியை அந்தக் காப்பீடு ஏற்றால், மிச்சமாகும் பணம் பாலிகிளினிக் மருந்து அலமாரிக்குப் போகலாம். அந்த அலமாரியின் நிலை புதிதாகத் தெரியவந்தது அல்ல. இந்தத் திட்டத்தை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கையே மருந்துத் தட்டுப்பாட்டையும் பில் தாமதத்தையும் சுட்டிக்காட்டியது. பணம் தாமதமாக வருகிறது என்று மருத்துவமனைகள் விலகிக்கொண்டால் பட்டியல் மேலும் சுருங்கும். தூரம் மேலும் கூடும்.

நாடு முழுவதும் ஒரே நாளில் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. முன்னாள் படைவீரர்கள் நிறைந்த இரண்டு மாவட்டங்களில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். சமவெளிக்கு வேலூர், மலைப் பகுதிக்கு உத்தராகண்டின் பித்தோராகட். எத்தனை பேர் பக்கத்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள், எத்தனை குடும்பங்கள் கடன் வாங்காமல் தப்பின, எத்தனை பில்கள் இரண்டு முறை வந்தன என்ற கணக்கை நாடாளுமன்றத்தில் வையுங்கள். அந்தக் கணக்கு பேசட்டும்.

இதைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். இரண்டு அமைச்சகங்களும் சேர்ந்து பிறப்பிக்கும் ஒரு கூட்டு ஆணை போதும். 1971-ல் களத்தில் நின்றவர்களுக்கு அந்த ஆணை அடுத்த பத்தாண்டில் வந்து பயனில்லை. சுகாதார அமைச்சரோடு இந்த ஆண்டே உட்கார்ந்து பேசுங்கள். எதை விடவேண்டும் என்ற கேள்வி இனி எந்த முன்னாள் படைவீரரிடமும் வைக்கப்படாது என்று நீங்களே அறிவியுங்கள்.

நம்பிக்கையுடன்,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மகள்