பூவும் பந்தியும் ஒன்றல்ல

மலேசியாவின் தஞ்சோங் மாலிம் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஒரே குடும்பத்துக்குள் இரண்டு மூன்று சபைகள் இருப்பது இப்போது அதிசயமில்லை. பாட்டி கத்தோலிக்கர், மகன் மெதடிஸ்ட், பேத்தி கடைவீட்டு மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபைக்காரி. ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவர்களுக்கா, அந்நியபாஷை அவசியமா, பொட்டு வைக்கலாமா, பொங்கல் பொங்கலாமா, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் தரும் பலகாரத்தைத் தொடலாமா? இவற்றில் ஒன்றில் மாறுபட்டாலே 'அவர் இரட்சிக்கப்படவில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வேதனை.

விசுவாசத்தின் அடிப்படை எது, மாறுபட இடமுள்ளது எது என்று பிரித்தறியத் தமிழ்நாட்டிலேயே நமக்கு முன்னோடிகள் உண்டு. 1919 மே மாதம் பேராயர் அசரியாவும் மற்றவர்களும் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதற்கு அவர்கள் போட்ட அஸ்திவாரம் நான்கே: வேதாகமம், அப்போஸ்தலர் மற்றும் நிசேயா விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் பணி. முதல் மூன்றில் பெரிய சிக்கல் இல்லை. நான்காவதை முடிவு செய்யத்தான் 28 ஆண்டுகள் இழுத்தன. பேராயர் கை வைத்து அபிஷேகம் பண்ணாத ஆயர் ஆயரே இல்லை என்பது ஆங்கிலிக்கன் தரப்பில் பலருடைய உறுதி. கடைசியில், பேராயர் பணி இருக்கட்டும், ஆனால் அது ஏன் தேவை என்பதற்கு ஒரே விளக்கத்தை எல்லாரும் ஏற்கத் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள். மற்ற சபைகளிலிருந்து வந்த ஆயர்களுக்கு மறு அபிஷேகம் கிடையாது. இது சபையையே அழிக்கும் ஒன்றிப்பு என்று கவிஞர் டி.எஸ்.எலியட் 1943-இல் இங்கிலாந்தில் சிறுநூலே எழுதி எதிர்த்தார். ஆனாலும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு நாளிலேயே இறந்துபோனார்.

இந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால் விஷயம் எளிதாகத் தெரியும்: பெரியதில் ஒன்றுபடுவோம், சிறியதில் விட்டுக்கொடுப்போம். ஆனால் இதே தமிழ்ச் சபைக்குள் இன்னொரு கதையும் நடந்தது. சிறியதைப் பெரிதாக்குவதைவிட, பெரியதைச் சிறியது என்று ஒதுக்கிவைப்பதே அதிகக் கேடு என்று நான் நினைப்பது அதனால்தான்.

1829 வாக்கில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அன்றைய இளம் மிஷனரிகள் மீது கடுமையாகக் குறைகூறி எழுதினார். பழக்கப்பட்ட வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், விசேஷங்களில் பூ கூடாது என்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்குகிறார்கள், சாதிகளை வலுக்கட்டாயமாகக் கலக்கிறார்கள் என்பவை அவருடைய குறைகள். பூவிலும் பாட்டிலும் அவர் பக்கமே நியாயம் என்பேன். கல்யாணப் பூவுக்கும் இரட்சிப்புக்கும் என்ன சம்பந்தம்? அவர் கீர்த்தனைகளை இன்றும் இங்கே தமிழ் ஆராதனையில் பாடுகிறோம். ஆனால் கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதையும் அவர் அதே வரிசையில் வைத்தார். அது உலக வழக்கம், விசுவாசத்தைச் சேர்ந்ததல்ல என்பது வாதம். அவரை வளர்த்த சுவார்ட்ஸ் ஐயர் உட்படப் பழைய லுத்தரன் மிஷனரிகள் பலரும் பொறுத்துப்போன வழக்கம்தான் அது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

இங்கே பவுலைப் படிக்க வேண்டும். ரோமர் 14-ஆம் அதிகாரத்தில், எதைச் சாப்பிடுவது, எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்பதில் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்காதீர்கள் என்கிறார். சாப்பாடு அங்கே சின்ன விஷயம். ஆனால் பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் விலகியபோது, இதே பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். சுவிசேஷமே கெடுகிறது என்று அதைக் கருதினார். இலையில் என்ன இருக்கிறது என்பதில் அவருக்குக் கவலையில்லை. பக்கத்தில் யாரை உட்கார விடுகிறோம் என்பதில், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்ற அடிப்படையே அடங்கியிருக்கிறது.

இது பழங்கதை இல்லை. 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குச் சம உரிமை கேட்டதையொட்டி மற்ற சாதிக் கத்தோலிக்கரோடு மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தை அந்த ஊரில் இரு தரப்பும் ஒன்றுபோலத்தான் சொல்லிவந்தன.

மலேசியாவில் நம் கோயில்களில் அப்படிச் சாதிவாரியாகத் தனி வரிசை வைக்கவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது 'நம்மவங்கதானே?' என்ற கேள்வி ஞானஸ்நானம் பெற்ற வீடுகளிலும் எழுகிறது. அதை எந்தச் சபையும் உபதேசப் பிழையாக எண்ணுவதில்லை. குடும்ப விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். கல்யாணத்துக்கு முன் ஆயர்கள் நடத்தும் வகுப்பில் பொட்டையும் தாலியையும் பற்றி மணிக்கணக்கில் பேச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் பாதியையாவது இந்தக் கேள்விக்கு ஒதுக்கி, பெற்றோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று எல்லாச் சபை ஆயர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.