பூனைக்குத் தயிர்ச்சோறு போதுமா?

''நெல் மூட்டைகளைக் காக்கப் பூனை வளர்க்கிறோம். இரண்டு ஆண்டுகளாகத் தயிர்ச்சோறுதான் வைக்கிறோம். எலி பிடிப்பதை விட்டுவிட்டது, இருட்டினால் தடுமாறுகிறது. என்ன காரணம்?''

- ஒரு வாசகி, குற்றாலம், தென்காசி மாவட்டம்.

பூனை மாமிச உண்ணி. கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான 'டாரின்' என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடலால் தயாரிக்க முடியாது. மீன், இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சோற்றில் அது இல்லை. பாலிலும் தயிரிலும் மிகக் குறைவு. இது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-லும், இதயம் பலவீனமாகும் என்பது 1987-லும் கண்டறியப்பட்டன. போன பார்வை திரும்பாது; மிச்சத்தைக் காப்பாற்றலாம். தடுமாற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாளை மீன், கோழி இதயம், கோழிக்கறி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, முள், எலும்பு நீக்குங்கள். வெந்த தண்ணீரில் டாரின் இறங்கியிருக்கும். கொட்டாமல் அதிலேயே பிசைந்து வையுங்கள். சோறு கால் பங்குக்கு மேல் வேண்டாம். ஈரல், வாரம் ஒரு சிறு துண்டு போதும். தினமும் பச்சை மீன் கூடாது. சில மீன்கள் பி1 வைட்டமினை அழித்துவிடும்.

பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகலாம். எனவே, எலி மருந்தைத் தவிர்த்து, பொறி வையுங்கள்.