பழமை எது, விசுவாசம் எது?

நம் சங்கத்து நண்பர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை 'பழமைவாதி'. அதை நான் மறுப்பதில்லை. மாலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். அந்த நேரத்தில் மருமகன் வந்தாலும் மந்திரி வந்தாலும் தொலைக்காட்சிப் பெட்டி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மது எங்கள் வாசற்படி ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகுதான் மற்ற எல்லாமும். இந்த விஷயங்களில் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இடையே அவ்வப்போது சிறு உரசல்கள் வருவதுண்டு. ஆனாலும் அவை என் வீட்டுக் கட்டுப்பாடுகள். அவற்றை விடுவதாக எண்ணமில்லை.

ஆனால் 'பழமைவாதி' என்று சொல்கிறவர்கள் என்னிடமிருந்து இன்னொன்றையும் எதிர்பார்க்கிறார்கள். பழையது எதுவானாலும் நான் அதன் பக்கம் நிற்பேன் என்பது அவர்கள் கணக்கு. அங்கேதான் எனக்குக் கருத்து வேற்றுமை.

சில மாதங்களுக்கு முன் உயில் எழுதுவது பற்றி உறவினர்களோடு பேச்சு வந்தது. எனக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூவருக்கும் சமபங்கு என்றேன். நெருங்கிய உறவினர் ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணத்தப்பவே போட்டாச்சே, அண்ணாச்சி. பிறகென்ன பங்கு? நம்ம கிறிஸ்தவ முறை அப்படித்தானே?" என்று கேட்டார். மகளுக்குப் போட்ட நகையைக் கணக்கில் எடுக்கிறவர்கள், மூத்தவனை என்ஜினீயரிங் படிக்க வைத்த செலவை அவன் பங்கில் கழிக்கச் சொல்வதில்லை. அது கிடக்கட்டும். 'கிறிஸ்தவ முறை' என்ற அந்தச் சொல்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. இது வேதத்தில் உள்ள முறையா, அல்லது நம் ஊர் வழக்கத்துக்கு நாம் போட்டுவிட்ட அங்கியா?

இளைய தலைமுறை அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கென்று 1916-இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த மேரி ராய் அவர்கள் இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. 1951-இலேயே இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆகவே திருவிதாங்கூர்ச் சட்டம் அன்றே காலாவதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்று ஆயிற்று. மேரி ராய் தம் பங்கைக் கையில் பெற அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. 2022 செப்டம்பரில் அவர் காலமானார்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது குடும்பம் பிரியும், சொத்து சிதறும் என்றெல்லாம் சபைகளில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அவர்கள் மறந்துவிட்ட ஒரு செய்தி அந்த 1916-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை உள்ளிட்ட சில தாலுகாக்களில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பகிரும் வழக்கமுள்ள புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கால்பங்கு விதி பொருந்தாது என்று விலக்கு அளித்திருந்தார்கள். அதாவது, நாம் இன்று குடியிருக்கும் இதே மண்ணில், நூறு ஆண்டுகளுக்கு முன்பே மகளுக்குச் சமபங்கு கொடுத்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்திருக்கின்றன. பழமை என்றால் அதுவும் பழமைதானே!

வேதத்தைத் திறந்தாலும் அப்படித்தான். செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்பாக வந்து நின்று தகப்பன் காணியைக் கேட்டதும், அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பானதும் எண்ணாகமத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சகோதரர் இல்லை, அது வேறு சங்கதி என்று வாதிடலாம். யோபுவுக்கோ ஏழு குமாரர் இருந்தார்கள். அப்படியிருந்தும் குமாரத்திகள் மூவருக்கும் அவர்களின் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான். வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன் என்று சொல்லுகிற என்னைப் போன்றவர்கள் இந்த எழுத்தையும் சேர்த்துத்தானே நம்ப வேண்டும்?

'வழக்கம்' என்ற சொல்லைக் கேட்டால் தென் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இன்னும் சற்று எச்சரிக்கை வேண்டும். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து ஊழியம் தொடங்கிய பிறகு, எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் மேலாடை அணிய முற்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு எதிராக நீட்டப்பட்ட ஆயுதம் இதே சொல்தான். நாட்டு வழக்கம், சாதி வழக்கம், முன்னோர் வழக்கம் என்றார்கள். வீடுகளும் சிற்றாலயங்களும் எரிந்தன. மிஷனெரிமாரின் மனுக்களும் சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலும் சேர்ந்துதான் 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பைக் கொண்டுவந்தன. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வழக்கம் உடைந்ததால் மானம் பெற்ற ஒரு சமூகம், மகள் பங்கு கேட்கும்போது வழக்கத்தைக் காட்டி வாயடைப்பது எனக்குப் பொருந்தியதாகத் தோன்றவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே போகலாமா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கும் 1986-ஆம் ஆண்டிலேயே மறுமொழி இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று கேரளத்திலிருந்து போன இன்னொரு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படித்தவர்கள். பள்ளியில் தேசியகீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். தங்கள் விசுவாசம் அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். 1985 ஜூலையில் பள்ளியைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் கைவிட்டது. உச்சநீதிமன்றமோ, எழுந்து நிற்பதே மரியாதை, பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மனச்சாட்சியின் உரிமை அரசியல் சாசனம் தந்தது என்று சொல்லி அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க உத்தரவிட்டது.

யெகோவாவின் சாட்சிகளின் போதனையில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. நான் தேசியகீதத்தை நெஞ்சு நிமிர்த்திப் பாடுகிறவன். ஆயினும் அந்தத் தீர்ப்பை நன்றியோடு நினைக்கிறேன். மூன்று குழந்தைகளின் மனச்சாட்சிக்கு இந்த நாட்டில் இடம் உண்டென்றால் என் குடும்ப ஜெபத்துக்கும் இடம் உண்டு. அடுத்த வீட்டு ஐயப்ப பக்தரின் விரதத்துக்கும், சாலைக் கடைத்தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் பாயின் தொழுகைக்கும் இடம் உண்டு.

ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் நமக்கு வசதியான ஒரு வழக்கம் போயிற்று. இரண்டாவதில் ஒரு சிறுபான்மையின் விசுவாசம் காக்கப்பட்டது. விசுவாசம் என்பது அதைப் பிடித்திருப்பவனுக்குச் செலவு வைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் படிப்பு போயிற்று. வழக்கத்தின் செலவு பெரும்பாலும் வேறொருவர் தலையில் விழும். மகளுடைய பங்கு போவதால் தகப்பனுக்கோ அண்ணனுக்கோ நஷ்டமில்லை. எது விசுவாசம், எது வெறும் பழமை என்று எனக்குச் சந்தேகம் வரும்போது, இதன் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது.

அரசியலிலும் இந்தக் கேள்வி உதவுகிறது. தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்தில் 'நம்ம ஆள்' என்ற பேச்சு தொடங்கிவிடும். வேட்பாளர் எந்தச் சபை, எந்தச் சாதி என்பதெல்லாம் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது மெதுவாகக் காதில் விழும். 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, மதத்தின் பெயரால், சாதியின் பெயரால், மொழியின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

சபை அரசியலே பேசக்கூடாது என்பதல்ல என் கட்சி. 1859-க்கு முன் மிஷனெரிமார் மனு எழுதியதும் அரசியல்தான். அது வாயற்றவர்களுக்காக எழுதிய மனு. ஆனால் 1959-இல் விமோசன சமரம் நடந்ததே! 1957-இல் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவை எதிர்த்துக் கத்தோலிக்கச் சபையும் மன்னத்து பத்மநாபனின் நாயர் சங்கமும் கைகோத்தன. ஜூலை 31 அன்று இ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. நான் கம்யூனிஸ்டு அல்ல. கடவுளை மறுக்கிற ஒரு தத்துவத்தோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் மக்கள் வாக்களித்து அமைந்த ஒரு ஆட்சியைக் கவிழ்க்கச் சபை தெருவில் இறங்கியது எனக்கு உவப்பானதாக இல்லை. பீடத்தில் நிற்பவர் கட்சிக்காரராகத் தெரிய ஆரம்பித்தால், மறுகட்சியில் உள்ள ஆத்துமா யாரிடம் போய்ப் பாவ அறிக்கை செய்யும்?

மது விஷயத்தில் நான் அரசாங்கத்தைக் கைதட்டி வரவேற்றவன். 1996 ஏப்ரலில் ஏ.கே. அந்தோணி சாராயக் கடைகளை மூடியபோது மகிழ்ந்தேன். 2014-இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற பார்களை மூட முடிவானபோதும் மகிழ்ந்தேன். 2017-இல் அடுத்த ஆட்சி அதைத் தளர்த்தியது. அரசே மொத்த வியாபாரியாக இருக்கும் நாட்டில் ஆட்சி மாறினால் கதவு திறக்கும், மூடும். என் பேரன் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் அந்தப் பாடத்தை ஏழரை மணி ஜெபத்தில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தலைமைச் செயலகத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இனி, எனக்குப் பிடித்த சில பழமைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழைய வேதாகம மொழிபெயர்ப்புதான் வேண்டும். 1995-இல் வந்த திருவிவிலியம் எளிய, நல்ல தமிழ். என் பேத்திக்கு அதுதான் புரிகிறது. எனக்கோ பழைய நடையில் படித்தால்தான் படித்தது போலிருக்கும். இது என் ருசி, என் விசுவாசமல்ல என்று எனக்குத் தெரியும். ஆகவே அவள் அவளுடையதைப் படிக்கிறாள், நான் என்னுடையதைப் படிக்கிறேன்.

பாட்டும் அப்படியே. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ராகம் பிசகாமல் பாட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். தமிழிசைக்குக் 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதர் ஒரு கிறிஸ்தவர் என்று வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பெருமை பேசுவேன். நவராத்திரியில் கோட்டைக்குள் நடக்கும் கச்சேரிகளையும் விரும்பிக் கேட்பவன். நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்பது அங்கே நெடுங்கால வழக்கம். 2006-இல் எண்பது வயதைக் கடந்த பாறசாலை பொன்னம்மாள் அவர்கள் அங்கே அமர்ந்து பாடினார். சுவாதித் திருநாளின் கிருதியில் ஒரு ஸ்வரம்கூடக் குறையவில்லை. மாறக்கூடாத இசை மாறாமல் இருந்தது. மாறவேண்டிய வழக்கம் மாறியது. உண்மையான பழமைவாதி சந்தோஷப்பட வேண்டிய நாள் அது.

ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களாகிய நமக்கு இந்தப் பகுத்தறிதல் இன்னும் அவசியம் என்பது என் தாழ்மையான எண்ணம். 1956 நவம்பர் முதல் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகம் சென்றன. தலைநகரில் தங்கிவிட்டவர்கள் ஒரே நாளில் வெளிமாநிலத்தார் ஆனார்கள். பிழைப்புக்காகப் பின்னால் வந்தவர்கள் வேறு. ஊரை விட்டவனுக்கு ஊர் வழக்கத்தின் மேல் பாசம் கூடும். மொழியையும் பாட்டையும் அந்தப் பாசத்தோடு காப்போம். ஆனால் மூட்டை கட்டி வந்ததெல்லாம் பொக்கிஷம் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னும் ஒரு வார்த்தை. சட்டம் சமபங்கு தருவது உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில்தான். உயில் எழுதி மகளை விட்டுவிடவும் சட்டத்தில் தடையில்லை. கல்யாணமான பெண்ணிடம் ஒழிமுறிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. அப்பா முகத்தைப் பார்த்து மறுக்கத் துணியாமல் எத்தனையோ பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நீதிமன்றம் அதுவரைதான் வரமுடியும். அதற்கு அப்பால் தகப்பனும் அவனுடைய மனச்சாட்சியும் மட்டும்தான். சமயம் எதுவானாலும் நம் சங்கத்துத் தகப்பன்மார் தங்கள் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பார்த்து, பிள்ளைகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும்போதே பேசி முடித்துவிடுவது நல்லது.