புதிய லைனில் அப்ரண்டிஸ்கள்: சங்கத்தின் நிலைப்பாடு

புதிய லைன் முழுவதையும் அப்ரண்டிஸ்களை வைத்தே ஓட்டுவது என்று நிர்வாகம் அறிவித்துவிட்ட நிலையில், செயற்குழு கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது.

கம்பெனி வேலையே கூடாது என்பதல்ல நம் வாதம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரகடம் வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஷிப்டு பஸ், கேன்டீன் சாப்பாடு. தங்கச்சி கல்யாணம் நடந்ததும் வீட்டுக் கடன் அடைந்ததும் இவற்றால்தான். நைட் ஷிப்டு உடம்பைத் தின்கிறது என்பதும் உண்மை. நிரந்தரத் தொழிலாளிக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அப்ரண்டிஸுக்கு நைட் ஷிப்டு உண்டு, பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது.

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவரைப் பயிற்சி பெறுபவர் என்கிறது, தொழிலாளி அல்ல என்கிறது. உண்மையிலேயே வேலை கற்றுக்கொள்ளும் பையனுக்கு அது சரி. வந்த மூன்றாம் நாளே பிரஸ்ஸில் நிறுத்தி, நிரந்தர ஆளுக்கு உள்ள அதே டார்கெட்டைத் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? சொல்லித்தர ஆளில்லை, பக்கத்து மெஷினில் நிற்பவனும் போன மாதம் வந்த அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் யாரை வைத்து ஓடியது? விரல் நசுங்கிய பையனை கேட்டில் ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு, அவன் நம் தொழிலாளி இல்லை என்று எச்.ஆர். கைகழுவியதை நாம் மறக்கப்போவதில்லை. பயிற்சியில் காயம்பட்டால் இழப்பீடு தரவேண்டியது முதலாளிதான் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை!

மொத்த ஆட்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் அப்ரண்டிஸ் எடுக்க விதியில் இடமில்லை. கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து நிர்வாகம் கணக்கைக் காட்டட்டும்.

அப்ரண்டிஸ் முறையையே எதிர்க்க வேண்டும் என்ற கருத்தும் செயற்குழுவில் வந்தது. பெரும்பான்மை இப்போதைக்கு அதை ஏற்கவில்லை. ஸ்டைபண்டு உயர்வு தனியாகப் பேசப்படும். பேச்சுவார்த்தைக்குச் சங்கம் எப்போதும் தயார். ஆனால் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பார்கள் என்பதை எழுத்தில் தரும்வரை, புதிய லைனில் செட்டிங் பார்க்க நம் உறுப்பினர்கள் எவரும் போகமாட்டார்கள்.