முகவரி சொல்லாத மரங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கிழக்கு ஓரமாக ஒயிட் மவுன்டன்ஸ் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,000 அடி உயரத்தில் ஒரு நடைபாதை. நான்கரை மைல் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். பாதையின் பெயர் மெதுசேலா.

அந்தப் பெயருக்கு உரிய மரமும் அந்தத் தோப்பில்தான் எங்கோ நிற்கிறது. பிரிசில்கோன் பைன் என்ற இனம். வயது 4,800-ஐத் தாண்டிவிட்டது. எகிப்தில் கிசா பிரமிடைக் கட்டத் தொடங்கியபோதே இந்த மரத்துக்கு வயது இருநூறுக்கு மேல்!

இவ்வளவு புகழ் பெற்ற மரம் என்றால், சுற்றிலும் வேலி போட்டு, பெரிதாக ஒரு பெயர்ப் பலகை வைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அப்படி எதுவும் இல்லை. எது மெதுசேலா என்று வனத்துறை சொல்வதும் இல்லை. பல்லாண்டுகளாக அது ரகசியம்.

ஒரு மரத்தின் முகவரியை ஏன் மறைக்க வேண்டும்? உலகின் மிக வயதான மரம், மிக உயரமான மரம், மிக அபூர்வமான மரம் ஆகிய மூன்றுமே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கின்றன.

கஷ்டத்தில் வளர்ந்த கிழவர்

பிரிசில்கோன் பைன் வானத்தைத் தொடும் மரம் அல்ல. பெரும்பாலும் 50 அடிக்குள்தான். முறுக்கிப் பிழிந்த துணி போல உடம்பு. பாதி மரம் பட்டுப்போய் எலும்பு நிறத்தில் வெளுத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் பட்டை நாடா போல மேலே ஏறிப் போகும். அதன் உச்சியில் பச்சைக் கொத்து.

அது நிற்கும் இடமும் சுகமான இடம் இல்லை. சுண்ணாம்பு போல வெளுத்த, சத்தில்லாத மண். கடுங்குளிர். ஓயாத காற்று. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் கிடைத்தால் அதிகம்.

ஆனால், அந்தக் கஷ்டம்தான் அதன் ஆயுள் ரகசியம். மெதுவாக வளர்வதால் கட்டை இறுகிப் பிசின் ஏறிக் கிடக்கிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் நுழைய முடியாது. அடுத்தடுத்து நெருங்கி மரங்கள் இல்லாததால் காட்டுத் தீ பரவுவதும் கடினம். ஒரு வேர் செத்தால் அந்த வேர் ஊட்டிய பகுதி மட்டும் சாகும். மீதி மரம் பிழைத்துக்கொள்ளும். ஊசி இலைகள்கூட 30 ஆண்டுகளுக்கு மேல் உதிராமல் உழைக்கும்.

இந்த மரங்களின் வயதை உலகுக்குச் சொன்னவர் எட்மண்ட் ஷுல்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. மரத்தை வெட்டாமலே வயதைக் கணக்கிட ஒரு வழி உண்டு. மெல்லிய துளைப்பானைத் திருகி உள்ளே செலுத்தி, பென்சிலைவிட ஒல்லியான ஒரு குச்சியை உருவி எடுப்பார்கள். அதில் வரி வரியாகத் தெரியும் வளையங்களை எண்ண வேண்டியதுதான். துளையை மரம் தன் பிசினாலேயே அடைத்துக்கொள்ளும். 1957-ல் அப்படி எண்ணித்தான் மெதுசேலாவின் வயது தெரியவந்தது. பைபிளில் 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெதுசேலாவின் பெயரையே வைத்தார்கள்.

எண்ணி முடித்தபோது மரம் இல்லை

ஏழு ஆண்டுகள் கழித்து, 1964-ல், பக்கத்து மாநிலமான நெவாடாவில் அந்தச் சம்பவம் நடந்தது.

வீலர் சிகரம் என்ற மலையில் அதே இனத்து மரங்கள் உண்டு. டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர், பழங்காலப் பனியாறுகளின் வரலாற்றை மர வளையங்கள் மூலம் அறிய அங்கே வந்தார். ஒரு மரம் மிகப் பழையதாகத் தெரிந்தது. தன் குறிப்பில் அதற்கு அவர் கொடுத்த எண் 114. மலையேறும் உள்ளூர் ஆர்வலர்கள் அதற்கு ஏற்கெனவே 'ப்ரொமீதியஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த மரத்தில் துளைப்பான் சரியாக வேலை செய்யவில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முழுக் குறுக்குவெட்டைப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று அவர் நினைத்தார் என்று இன்னொரு சாரார். எப்படியோ, வனத்துறையிடம் முறைப்படி அனுமதி கேட்டார். அனுமதியும் கிடைத்தது. மரத்தை வெட்டினார்கள்.

பிறகு வளையங்களை எண்ணினார்கள். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம்... 4,800-ஐயும் தாண்டிப் போனது கணக்கு. பின்னர் நடந்த எண்ணிக்கையில் 4,862. அடிமரத்தின் ஆரம்ப வளையங்கள் அந்தத் துண்டில் இல்லாததால் உண்மை வயது இன்னும் கூடுதல். அதுவரை மனிதன் வயது கண்ட மரங்களிலேயே மூத்தது அதுதான், மெதுசேலாவைவிடவும் மூத்தது என்ற உண்மை, அதை வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

இதில் திருட்டு இல்லை. பேராசை இல்லை. செய்தவர்கள் மரத்தை நேசித்தவர்கள், அறிய விரும்பியவர்கள். அதனால்தான் இந்தக் கதை இன்றும் உறுத்துகிறது. அந்த இடம் 1986-ல் கிரேட் பேசின் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ப்ரொமீதியஸின் ஒரு துண்டை இன்றும் அங்கே பார்க்கலாம். வருகிறவர்கள் வளையங்களை விரலால் எண்ணிப் பார்க்கலாம். மரத்தைத்தான் பார்க்க முடியாது.

மெதுசேலாவின் முகவரி ஏன் ரகசியம் என்பது இப்போது புரிந்திருக்கும். ஞாபகத்துக்கு ஒரு சிராய், கையெழுத்துக்கு ஒரு கீறல், புகைப்படத்துக்காக வேர் மேல் ஏறி நிற்பது என்று ஆளுக்குக் கொஞ்சம் கைவைத்தால் போதும். ஐயாயிரம் ஆண்டுக் காற்று செய்யாததை ஐந்து கோடைவிடுமுறைகள் செய்துவிடும். அந்தத் தோப்பில் தரையில் கிடக்கும் காய்ந்த கட்டையைக்கூட எடுத்துப் போகக் கூடாது. இறந்த கட்டைகளின் வளையங்களையும் உயிருள்ள மரங்களின் வளையங்களையும் பொருத்தித்தான் விஞ்ஞானிகள் பல ஆயிரம் ஆண்டு காலண்டர் ஒன்றை உருவாக்கினார்கள். தொல்பொருள்களின் வயதைச் சொல்லும் கார்பன் சோதனையில் இருந்த பிழைகளைத் திருத்த உதவியது அந்தக் காலண்டர்தான்.

உயரத்துக்குக் கிடைத்த தண்டனை

அதே கலிஃபோர்னியாவின் வடக்கே, பசிபிக் கடலோரம். பனிமூட்டம் சூழ்ந்த ரெட்வுட் காடு. 2006-ல் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரு இயற்கை ஆர்வலர்கள் அங்கே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வாளர்கள் உச்சிவரை ஏறி, நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார்கள். 115 மீட்டருக்கு மேல்! அடியில் சொன்னால் ஏறத்தாழ 380. நியூயார்க் சுதந்திர தேவி சிலை, பீடத்தோடு சேர்த்தே 305 அடிதான். கிரேக்கப் புராணத்திலிருந்து 'ஹைபீரியன்' என்று பெயர் வைத்தார்கள். உயிரோடு இருக்கும் மரங்களில் இன்றைக்கு அறியப்பட்ட வரை இதுதான் மிக உயரம்.

அது தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். அந்த வட்டாரத்தில் ரெட்வுட் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டே வந்தார்கள். 1978-ல் தேசியப் பூங்காவை விரிவாக்கியபோதுதான் இந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது.

ஹைபீரியன் இருக்கும் இடமும் முதலில் ரகசியமாகவே வைக்கப்பட்டது. ஆனால், இது கைப்பேசிக் காலம். யாரோ இடத்தைக் கண்டுபிடித்து இணையத்தில் போட, அடுத்தவர் பகிர, கூட்டம் கிளம்பிவிட்டது. மரத்துக்குப் பாதை கிடையாது. வந்தவர்கள் புதர்களை மிதித்துத் தாங்களே பாதை போட்டார்கள். மரத்தடியில் இடுப்பளவு வளர்ந்திருந்த பெரணிச் செடிகள் அழிந்தன. அடிமரத்தில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். குப்பையும் கழிவும் சேர்ந்தன.

"இவ்வளவு பெரிய மரத்தை மனிதக் கால் என்ன செய்துவிடும்?" என்று தோன்றலாம். ரெட்வுட் மரத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் 100 அடி வரை பரவி, பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டுதான் நிற்கிறது. ஓயாமல் மிதித்தால் மண் இறுகும். இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்காது. அப்புறம் வேர் எப்படி மூச்சுவிடும்?

2022-ல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடிவிட்டது. மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசித்திரம் என்னவென்றால், அத்தனை தூரம் போகிறவர்களுக்கும் அங்கே பெரிதாக எதுவும் தெரியாது. கீழே நின்று அண்ணாந்தால் கிளைகள்தான் தெரியும், உச்சி தெரியாது. அதைவிட அழகாகப் பார்க்கக்கூடிய ரெட்வுட் மரங்கள் பாதையோரமாகவே நிறைய நிற்கின்றன.

டைனோசர் காலத்து விருந்தாளி

மூன்றாவது மரம் ஆஸ்திரேலியாவில். சிட்னிக்கு வடமேற்கே ஒலமை தேசியப் பூங்கா. 1994 செப்டம்பரில் அந்தப் பூங்காவின் அலுவலர் டேவிட் நோபிள், கயிறு கட்டிக்கொண்டு ஆழமான மலையிடுக்கு ஒன்றில் இறங்கினார். அங்கே அவர் அதுவரை பார்த்திராத ஒரு மரம். பட்டை முழுவதும் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஒரு கிளையை எடுத்து வந்து தாவரவியலாளர்களிடம் காட்டினார்.

அவர்கள் அசந்துபோனார்கள். அந்த வகை மரத்தின் அடையாளங்கள் அதுவரை பாறையில் பதிந்த படிமங்களாகத்தான் கிடைத்திருந்தன. அவற்றில் பழையவை 9 கோடி ஆண்டுக்கு முந்தையவை. டைனோசர் காலத்தோடு போய்விட்டது என்று நினைத்த மரம் பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது! கண்டுபிடித்தவர் பெயரையும் சேர்த்து 'ஒலமியா நோபிலிஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. மரபணு அளவில் அவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒரு நோய் ஒன்றைக் கொன்றால் எல்லாவற்றையும் கொல்லலாம். அதனால் இடத்தை வெளியே சொல்லவில்லை. அப்படியும் அனுமதியில்லாமல் சிலர் போயிருக்கிறார்கள். வேரை அழுகச் செய்யும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி 2005-ல் அந்த இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. யாருடைய காலணி மண்ணிலாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சந்தேகிக்கிறார்கள்.

ஆஸ்திரேலியர்கள் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். காட்டு மரத்தைத் தேடிப் போகும் ஆசையை, வீட்டிலேயே தீர்த்து வைப்பது! கன்றுகளை வளர்த்து 2005-ல் ஏலம் விட்டார்கள். 2006 முதல் கடைகளிலும் விற்றார்கள். இன்று பல நாடுகளின் தாவரவியல் பூங்காக்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் ஒலமை பைன் வளர்கிறது. காட்டில் ஏதாவது ஆகிவிட்டாலும் இனம் அழியாது.

காட்டில் ஏதாவது ஆகத்தான் பார்த்தது. 2019 கடைசியில் ஆஸ்திரேலியாவைச் சூழ்ந்த பெருந்தீ இந்த மலையிடுக்கையும் நெருங்கியது. விமானங்கள் தீயைத் தடுக்கும் ரசாயனக் கலவையைக் கொட்டின. தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, மரங்களைச் சுற்றித் தண்ணீர்க் குழாய்களை அமைத்து மண்ணை ஈரமாக்கினார்கள். சில மரங்கள் கருகின. தோப்பு பிழைத்தது. எல்லாம் முடிந்து, 2020 ஜனவரியில்தான் அரசு இந்தச் செய்தியை வெளியிட்டது. உலகமே கைதட்டிய அந்த வேளையிலும், இடத்தை மட்டும் சொல்லவில்லை.

தெரியாமல் இருப்பதன் அழகு

ஒரு மரத்தைப் பொத்திப் பாதுகாக்க வேண்டியிருப்பது கோடரியிடமிருந்து மட்டும் அல்ல. அதைப் பார்க்க ஆசைப்படுகிற, தொட்டுப் பார்க்க நினைக்கிற, நாலு பேரிடம் காட்டத் துடிக்கிற அன்பான மனிதர்களிடமிருந்தும்தான். அபூர்வமான ஒன்றைப் பார்த்தால் படம் எடுங்கள், ரசியுங்கள். பகிரும் முன் அதில் 'லொகேஷன்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதனால் பார்க்கப் போகிறவர்களுக்கு நஷ்டமா? இல்லை. மெதுசேலா பாதையில் நடக்கிறவர்களுக்கு எந்த மரம் மூத்தது என்று தெரியாது. அதனால் இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நிற்க வேண்டியிருக்கிறது. பலகை வைத்திருந்தால் நேராக அந்த ஒரு மரத்திடம் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். இப்போது தோப்பு முழுவதையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

(அடுத்த வாரம்: சகாரா பாலைவனத்தில் தன்னந்தனியாக நின்ற ஒரு வேல மரத்தின் கதை)